டோல்ல கிலோமீட்டருக்கு எவ்வளவு குடுக்குறோம்? நீங்களே கணக்குப் போடுற வழி

ஏப்ரல் 1 வந்தா டோல் ஏறிடுச்சுன்னு ஒரு நியூஸ், செப்டம்பர் 1 வந்தா இன்னொரு நியூஸ், ரெண்டு தடவையும் எல்லாரும் திட்டுறோம், ஆனா நம்ம ஃபாஸ்டேக்ல இருந்து போற 75 ரூபாய் எந்தக் கணக்குல வருதுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல, 2008ல வந்த தேசிய நெடுஞ்சாலை கட்டண விதிகள்லயே எல்லாம் இருக்கு, போன்ல இருக்குற கால்குலேட்டர் போதும். போட்டுப் பாத்தீங்கன்னா ரெண்டு விஷயம் புரியும். ஒண்ணு, அவங்க வாங்குறது சரியான ரேட்டா இல்லையான்னு. இன்னொண்ணு, ரேட்டு சரியாவே இருந்தாலும் நீங்க ஓட்டுன தூரத்துக்குத்தான் காசு குடுக்குறீங்களான்னு. ரெண்டாவதுலதான் நிறைய பேருக்கு அடி விழுது.

மொதல்ல ரேட்டு எப்படி வருதுன்னு பாப்போம். 2007-08 வருஷத்தை அடிப்படையா வச்சு, நாலு வழிச் சாலைல கார், ஜீப், வேனுக்கு கிலோமீட்டருக்கு 65 பைசான்னு ஃபிக்ஸ் பண்ணாங்க. சின்ன சரக்கு வண்டி, மினி பஸ்ஸுக்கு 1.05 ரூபாய், பஸ், ரெண்டு ஆக்ஸில் (சக்கர அச்சு) லாரிக்கு 2.20, மூணு ஆக்ஸில் வண்டிக்கு 2.40, நாலுல இருந்து ஆறு ஆக்ஸில் வரைக்கும் 3.45, ஏழும் அதுக்கு மேலயும் 4.20. ரெண்டு வழிச் சாலையா இருந்தா இதுல 60 சதவீதம்தான் வாங்கணும். பைபாஸுக்கு (10 கோடிக்கு மேல செலவானது) ஒன்றரை மடங்கு. பைக்குக்கு சாதாரண என்ஹெச்ல எதுவும் கிடையாது.

இந்த 65 பைசா இன்னிக்கு எவ்வளவுன்னு பாக்கணும்னா வருஷத்துக்கு 3 சதவீதம் ஏத்தணும், ஆனா வட்டிக்கு வட்டி மாதிரி இல்ல, பழைய 65 பைசா மேலயே 3, 3ன்னு கூட்டிக்கிட்டே போறது. 2008 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2025 ஏப்ரல் வரைக்கும் 18 தடவை, அப்ப 54 சதவீதம், 65 பைசா சரியா ஒரு ரூபாய் ஆயிடுது. அதுக்கு மேல மொத்த விலைக் குறியீடு (மொத்த வியாபார விலைவாசி எவ்வளவு ஏறுதுன்னு காட்டுற அரசுக் கணக்கு) 2007 ஜனவரில இருந்து எவ்வளவு ஏறியிருக்கோ அதுல 40 சதவீதத்தை மட்டும் சேக்கணும். நான் போட்டுப் பாத்தா 2025-26க்கு காருக்கு கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயை ஒட்டி வருது, ரெண்டு ஆக்ஸில் லாரிக்கு அஞ்சு ரூபாய் பக்கம். மனசுல வச்சுக்க ஒன்றரைன்னு வச்சுக்கங்க, போதும்.

அடுத்து தூரம். டோல்கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை கிலோமீட்டர் ரோட்டுக்கு அந்த ஒரு கேட்ல காசு வாங்குறாங்கங்குற கணக்கு ஒண்ணு இருக்கு. இது எங்க கிடைக்கும்னா, நெடுஞ்சாலை ஆணையத்தோட டோல் தகவல் சைட்ல (டிஐஎஸ் டாட் என்ஹெச்ஏஐ டாட் கவ் டாட் இன்) உங்க டோல் பேரைப் போட்டுத் தேடுங்க. பரனூர்னு போட்டா பரனூர் வரும், கிளிக் பண்ணா ஒரு டேபிள், எந்த வண்டிக்கு எவ்வளவுன்னு, அதுக்குக் கீழ கட்டணம் வாங்குற நீளம், ரோடு போட ஆன செலவு, இதுவரைக்கும் வசூலான தொகை, யார் கிட்ட குத்தகை, அடுத்து எப்ப ரேட்டு மாத்துவாங்க எல்லாம் இருக்கும். செலவையும் வசூலையும் பக்கத்து பக்கத்துல பாத்துட்டு உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுடாதீங்க, அந்த செலவுல பராமரிப்பு, வட்டி, திரும்ப தார் போடுறது எல்லாம் சேந்திருக்கான்னு பாக்காம பேசுனா சண்டை மட்டும்தான் மிச்சம். நமக்கு வேண்டியது அந்த நீளம்.

இப்ப ஒரு உதாரணம். நீளம் 50 கிலோமீட்டர்னு வைங்க. 50ஐ ஒன்றரையால பெருக்குனா 75. அவங்க போர்டுலயும் 75 இல்ல 70ன்னு இருந்தா கணக்கு சரி. அஞ்சு ரூபாய்க்கு முழுசாக்குறது விதியிலயே இருக்கு, அதனாலதான் ஒரு வருஷம் ஒரு கேட்ல 5 ரூபாய் ஏறும், பக்கத்து கேட்ல ஒத்தப் பைசா ஏறாது, ஏறுன சதவீதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

போர்டுல ரொம்ப அதிகமா இருந்தா உடனே ஏமாத்துறாங்கன்னு முடிவு கட்டாதீங்க, மூணு காரணம் இருக்கலாம். அந்த நீளத்துல பைபாஸ் இருக்கலாம். இல்ல அது 2008க்கு முன்னாடி போட்ட பழைய ஒப்பந்தமா இருக்கலாம், அதுக்கு பழைய விதி, வேற ஃபார்முலா, நம்ம ஊர்ல செப்டம்பர் 1 அன்னிக்கு ஏறுற கேட்டுங்க பெரும்பாலும் அந்த வகைதான். மூணாவது, பெரிய பாலம், சுரங்கம், மேம்பாலம். இங்கதான் ஒரு சூட்சுமம்.

பாலம், சுரங்கம், உயர்மட்டச் சாலைன்னு வந்தா அதோட நீளத்தைப் பத்தால பெருக்கி மிச்ச ரோட்டோட கூட்டுவாங்க. 60 கிலோமீட்டர் ரோட்டுல 6 கிலோமீட்டர் பாலம்னா, 54 கூட்டல் 60, மொத்தம் 114 கிலோமீட்டர் ஓட்டுன மாதிரி காசு. 2025 ஜூலைல இதை மாத்துனாங்க, டோல் 50 சதவீதம் குறைஞ்சதுன்னு எல்லா சேனல்லயும் ஓடுச்சு. மாத்துனது என்னன்னா, பழைய கணக்கு ஒண்ணு, மொத்த நீளத்தை அஞ்சால பெருக்குறது இன்னொண்ணு, ரெண்டுல எது கம்மியோ அதை வாங்கணும். 40 கிலோமீட்டரும் முழுக்க மேம்பாலம்னா பழைய கணக்குல 400, புதுசுல 200, பாதி குறையுது, உண்மைதான். ஆனா நம்ம 60 கிலோமீட்டர் ரோட்டுக்குப் போட்டுப் பாருங்க, பழைய கணக்குல 114, அஞ்சால பெருக்குனா 300, கம்மியானது 114தான், அப்ப ஒரு ரூபாய் கூட குறையல. பாலத்தோட நீளம் மொத்தத்துல சுமார் 44 சதவீதத்தைத் தாண்டுனாத்தான் இந்த மாத்தத்துல நமக்கு லாபம், அப்படிப்பட்ட ரோடு நம்ம பக்கம் எத்தனைன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, ரேட்டு ஒத்துப் போயிடுச்சு. இப்பதான் முக்கியமான கணக்கு, உங்க சொந்தக் கணக்கு. அந்த 50 கிலோமீட்டர் நீளத்துல நீங்க நிஜமா எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க? வீட்டுல இருந்து என்ஹெச் ஏறுற இடம், இறங்குற இடம் ரெண்டையும் மேப்ல வச்சு தூரம் பாருங்க, குடுத்த காசை அதால வகுங்க. 50ம் ஓட்டுனா ஒன்றரை ரூபாய். கேட்டுக்கு நாலு கிலோமீட்டர் முன்னாடி ஏறி எட்டு கிலோமீட்டர் தள்ளி இறங்குறவருக்கு 12 கிலோமீட்டர், 75ஐ 12ஆல வகுத்தா 6.25 ரூபாய், அதாவது ரெண்டு ஆக்ஸில் லாரி ரேட்டை விட அதிகம் ஒரு ஆல்ட்டோ குடுக்குது. இதே ரோட்டுல கேட்டைத் தாண்டி ஏறி 38 கிலோமீட்டர் ஓட்டிட்டு அடுத்த கேட்டுக்கு முன்னாடி இறங்குறவர் குடுக்குறது பூஜ்யம். ரெண்டு பேரும் ஓட்டுறது ஒரே தார் ரோடு. மதுரைல கப்பலூர் டோலை எதிர்த்து திருமங்கலம் மக்கள் வருஷக்கணக்கா போராடுறதுக்கு அடியில இருக்குறதும் இதேதான், பக்கத்து ஊருக்குப் போய்ட்டு வர்றவங்களும் முழுக் காசு கட்டணுமாங்குறது.

கிலோமீட்டர் கணக்குன்னு எழுதி வச்சுட்டு வசூல் பண்றது கேட் கணக்குல, அதான் கோளாறு. ஒரே பாதையில ஒரே திசையில 60 கிலோமீட்டருக்குள்ள ரெண்டு கேட் வைக்கக் கூடாதுன்னும், நகராட்சி எல்லையில இருந்து 10 கிலோமீட்டர் தள்ளி வைக்கணும்னும் விதி இருக்கு, ஆனா காரணம் எழுதி வச்சுட்டு கிட்டத்துல வச்சுக்கவும் அதே விதியில வழி இருக்கு. வடக்க சில எக்ஸ்பிரஸ்வேல ஏறுற இடத்துலயும் இறங்குற இடத்துலயும் ஸ்கேன் பண்ணி இடைப்பட்ட தூரத்துக்கு மட்டும் எடுக்குறாங்க, அது நியாயம். நம்ம பக்கம் பழைய நாலு வழிச் சாலைல ஊருக்கு ஊர் ஏறி இறங்குற வழி இருக்குறதால எல்லா வழியிலயும் மிஷின் வைக்க முடியாதுன்னு நடுவுல ஒரு கேட் போட்டு முடிச்சுட்டாங்க.

உங்க கிலோமீட்டர் ரேட்டு தெரிஞ்சதும் அதை எப்படி இறக்குறதுன்னு பாக்கணும். போர்டை முழுசா படிக்கிறவங்க கம்மி, அதுல ஒரு தடவை போறதுக்கு, 24 மணி நேரத்துல திரும்பி வர்றதுக்கு, மாசப் பாஸ், அந்த மாவட்டத்துல ரெஜிஸ்டர் ஆன வணிக வண்டின்னு தனித்தனி கட்டம் இருக்கும்.

ரிட்டர்ன் ஒன்றரை மடங்கு. ஃபாஸ்டேக்ல இதைத் தனியா கேக்க வேண்டாம், போகும்போது 75 எடுக்கும், 24 மணி நேரத்துக்குள்ள அதே கேட்ல திரும்பி வந்தா 35 இல்ல 40தான் எடுக்கணும். எஸ்எம்எஸ்ஸைப் பாருங்க, திரும்பவும் 75ன்னு வந்திருந்தா நேரத்தைப் பாருங்க, போனது சனிக்கிழமை சாயங்காலம் 6.10, வந்தது ஞாயித்துக்கிழமை 6.25ன்னா பதினஞ்சு நிமிஷத்துல முழு ரேட்டு. சொந்தக்காரங்க வீட்டுல காபி குடிச்சுட்டுப் போன்னு சொல்லும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

மாசப் பாஸ், 50 தடவைக்கான காசுல மூணுல ரெண்டு பங்கு. 75 ரூபாய் கேட்ல 2500 வரும், ஒரு தடவைக்கு 50 ஆச்சு. சொந்தக் காருக்கு இப்ப இதை யாரும் சீண்ட மாட்டாங்க, ஏன்னா வருஷப் பாஸ் வந்துடுச்சு. ஆனா மஞ்ச போர்டு டாக்ஸிக்கு வருஷப் பாஸ் கிடையாது, அவங்களுக்கு மாசப் பாஸ்தான் வழி, இல்லன்னா அந்த மாவட்டத்துலயே ரெஜிஸ்டர் ஆன வண்டியா இருந்து நேஷனல் பெர்மிட் இல்லாம இருந்தா பாதி ரேட்டு. அதுக்கு சர்வீஸ் ரோடோ மாத்துப் பாதையோ இல்லாம இருக்கணும்னு ஒரு கண்டிஷன் இருக்கு, கேட்ல அதைச் சொல்லித்தான் மறுப்பாங்க.

லோக்கல் பாஸ், கேட்டுக்கு 20 கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்குற, வணிக வண்டி இல்லாதவங்களுக்கு. 2025-26ல மாசம் 350 ரூபாய், எத்தனை தடவை வேணா போகலாம், ஆனா அந்த ஒரு கேட்ல மட்டும். ஆர்சி, அட்ரஸ் ப்ரூஃப் எடுத்துட்டு கேட் ஆபீஸ்ல போய்க் கேக்கணும், ஆர்சில பழைய ஊர் அட்ரஸ் இருந்தா அங்கேயே ஒரு மணி நேரம் போயிடும், அதனால மொதல்ல அதை மாத்திட்டுப் போங்க.

வருஷப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15ல வந்தது, 2025-26ல 3000 ரூபாய்க்கு 200 பயணம் இல்ல ஒரு வருஷம், எது முன்னாடி முடியுதோ அதுவரைக்கும். கார், ஜீப், வேன், சொந்த உபயோகம் மட்டும், நெடுஞ்சாலை ஆணையத்தோட ராஜ்மார்க்யாத்ரா ஆப்ல எடுக்கலாம். ஃபாஸ்டேக்ல வண்டி நம்பர் ஏறியிருக்கணும், வெறும் சேசிஸ் நம்பர்ல இருக்குற டேக்குக்குக் கிடைக்காது. நம்ம ஊர் மாதிரி நடுவுல கேட் இருக்குற ரோட்டுல ஒரு கேட்டைத் தாண்டுனா ஒரு பயணம், போக வர ரெண்டு. 3000ஐ 200ஆல வகுத்தா தடவைக்கு 15. 75 ரூபாய் கேட்ல 40 தடவை தாண்டுனாலே போட்ட காசு வந்துடும்.

சென்னைல இருந்து மதுரைக்குப் போறவங்க பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டின்னு எட்டைத் தாண்டணும், போக வர 16, அப்ப 200ல பன்னெண்டு தடவை ஊருக்குப் போய்ட்டு வரலாம். பொங்கலு, தீபாவளி, சித்திரைத் திருவிழா, நடுவுல ரெண்டு கல்யாணம்னு வருஷத்துக்கு நாலஞ்சு தடவை போறவங்களுக்கே இது லாபம்தான். ஆனா 30 ரூபாய் கேட்டும் ஒரு பயணத்தைத் தின்னும், 120 ரூபாய் கேட்டும் ஒரு பயணத்தைத்தான் தின்னும், அதையும் கணக்குல எடுத்துக்கங்க. ஈசிஆர் மாதிரி மாநில அரசு ரோட்டுல செல்லாது, அங்க எப்பவும் போல பேலன்ஸ்ல இருந்து எடுப்பான், பாஸ் இருக்குன்னு வாலட்டைக் காலியா விட்டுடாதீங்க.

தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு கணக்கு வேற. ஒரே கேட், மாசம் 25 நாள், போக வர 50 தடவை, 200 பயணம் நாலே மாசத்துல தீந்துடும், வருஷத்துக்கு மூணு பாஸ், 2025-26 விலைல 9000. 20 கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா லோக்கல் பாஸ் வருஷத்துக்கு 4200தான். ஆக அடிக்கடி ஊர் சுத்துறவருக்கு வருஷப் பாஸ், ஒரே கேட்டைத் தினம் தாண்டுற உள்ளூர்க்காரருக்கு லோக்கல் பாஸ்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. வருஷப் பாஸ் நமக்கு நல்லதுதான், நானும் வச்சிருக்கேன், ஆனா கிலோமீட்டருக்குக் காசுங்குற நியாயத்துல இருந்து அது இன்னும் தள்ளித்தான் போகுது, நிறைய ஓட்டுறவனுக்கு சகாயம், வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவன் முழு ரேட்டு. லாரி பக்கம் பாத்தா இன்னொரு சிக்கல். 1950கள் கடைசில அமெரிக்கால இல்லினாய்ஸ் பக்கம் ரோடு போட்டு வண்டி ஓட்டியே சோதிச்சுப் பாத்தாங்க, ஒரு ஆக்ஸில் மேல எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு ஆகுற சேதம் சுமார் 16 மடங்குன்னு தெரிஞ்சுது. பத்து டன் ஆக்ஸிலுக்கு முன்னாடி நம்ம கார் ஒண்ணுமே இல்ல, ஆனா நம்ம ரேட்டுல அஞ்சு ஆக்ஸில் லாரி குடுக்குறது கார் குடுக்குறதுல அஞ்சு மடங்கு சொச்சம்தான். லாரிக்காரங்க கிட்ட இதைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஏத்துனா கோயம்பேட்ல தக்காளி விலை ஏறும், அதோட வேகமா போகணும், வளைவு கூடாது, நாலு வழி வேணும்னு கேட்டது பெரும்பாலும் கார்க்காரங்கதான்.

நிஜமான கிலோமீட்டர் கட்டணம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா நியூசிலாந்தைப் பாருங்க. அங்க டீசல் வண்டிக்கு 1978ல இருந்தே ஓடுன தூரத்துக்குக் காசு, ஆயிரம் கிலோமீட்டர், ரெண்டாயிரம் கிலோமீட்டர்னு முன்கூட்டியே வாங்கிக்கணும், ரீசார்ஜ் மாதிரி. பெட்ரோல் வண்டிக்கு பெட்ரோல் வரியிலேயே அது அடங்கிடுது. மின்சாரக் காருக்கு ரொம்ப நாள் விலக்கு குடுத்துட்டு 2024 ஏப்ரல்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர்னு அவங்களையும் சேத்துட்டாங்க. கார்ல ஓடோமீட்டரைப் பாத்தே கணக்கு, எங்க போனீங்கன்னு யாருக்கும் தெரியாது, எவ்வளவு போனீங்கன்னு மட்டும்தான். நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட் கார் மீட்டரைப் பின்னாடி சுத்துறதே ஒரு தொழிலா நடக்குது, அதனால அப்படியே இங்க கொண்டு வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இங்க யோசிச்சது சாட்டிலைட் வழி. 2024 செப்டம்பர்ல விதியைத் திருத்தி, சாட்டிலைட் கருவி மாட்டுன வண்டிக்கு (நேஷனல் பெர்மிட் வண்டி தவிர) ஒரு நாளைக்கு ஒரு திசையில 20 கிலோமீட்டர் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல போனா ஓட்டுன தூரத்துக்கு மட்டும்னு போட்டாங்க. மேல சொன்ன 12 கிலோமீட்டர் ஆளுக்கு இதுல ஒத்தப் பைசா கிடையாது. பெங்களூரு மைசூரு ரோட்டுலயும் ஹரியானால பானிபட் ஹிசார் ரோட்டுலயும் சோதனை பண்ணாங்க. அப்புறம் 2025 ஏப்ரல்ல, நாடு முழுக்க மே 1ல இருந்து சாட்டிலைட் டோல் வருதுன்னு சுத்துன செய்தியை அமைச்சகமே மறுத்துட்டு, நம்பர் பிளேட் கேமராவும் ஃபாஸ்டேக்கும் சேந்த தடுப்பு இல்லாத டோலுக்குப் போறோம்னு சொல்லிடுச்சு. அதுல நிக்காம போகலாம், க்யூ இருக்காது, ஆனா காசு எடுக்குறது அதே ஒரு இடத்துல, அதே முழு நீளத்துக்கு. வாட்ஸ்அப்ல இலவச 20 கிலோமீட்டர்னு ஏதாவது வந்தா இதை ஞாபகம் வச்சுக்கங்க, சாதாரண ஃபாஸ்டேக்கை வச்சுக்கிட்டு கேட்ல போய் அதைக் கேட்டா கிடைக்காது.

கடைசியா, தப்பா எடுத்துட்டா என்ன பண்றது. எஸ்எம்எஸ்ஸோட மாசத்துக்கு ஒரு தடவை ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டையும் டவுன்லோட் பண்ணிப் பாருங்க, வண்டி வகை 4ன்னு இருக்கணும், அதுதான் கார். வேற வகையில எடுத்திருந்தாலோ, வண்டி வீட்டுல நிக்கும்போது எடுத்திருந்தாலோ, ஒரே கேட்ல ரெண்டு நிமிஷத்துல ரெண்டு தடவை எடுத்திருந்தாலோ டேக் குடுத்த பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க, நெடுஞ்சாலை ஹெல்ப்லைன் 1033லயும் சொல்லலாம். டேக் நல்லா இருந்து, பேலன்ஸும் இருந்து, அவங்க மிஷின் படிக்கலன்னா காசு குடுக்க வேண்டியதில்ல, பூஜ்ய ரசீது குடுத்து அனுப்பணும், 2018லயே வந்த விதி, கேட்ல நிக்கிற பையனுக்குத் தெரியாம இருக்கலாம், சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்க. டேக்ல கோளாறுன்னா, 2025 நவம்பர் 15ல வந்த விதிப்படி ரொக்கமா குடுத்தா ரெண்டு மடங்கு, யூபிஐல குடுத்தா ஒன்னே கால் மடங்கு. 75 ரூபாய்க்கு ரொக்கம்னா 150, யூபிஐன்னா 95க்குள்ள முடிஞ்சுடும், பர்ஸை எடுக்காம போனை எடுங்க.